அத்தை போட்ட ஓட்டு

“மாமா ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி, பதினோரு மணிக்கு, ரத்தம் குடுக்க ஓடி வந்தது யாரு? சொல்லு.”

அத்தை குரலை உயர்த்தவில்லை. காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே கேட்டாள். வாக்குப்பதிவு முடிந்த நாளின் மாலை அது. அவள் யாருக்கு ஓட்டுப் போட்டாள் என்று தெரிந்துகொண்டு, சண்டை போடவே நான் போயிருந்தேன்.

மதத்தை முன்னால் வைத்துப் பேசும் ஒரு வேட்பாளருக்குத்தான் அவள் போட்டிருந்தாள். குடும்பம், ஒழுக்கம், மரபு மூன்றும் அழிந்துகொண்டிருக்கின்றன, நான் வந்து காப்பாற்றுகிறேன் என்பதுதான் அவருடைய பிரச்சாரம் முழுக்க. எந்த மதம், எந்தக் கட்சி என்று இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் படிப்பவர்களில் பாதிப் பேர் அத்தையை அந்த நிமிடமே மன்னித்துவிடுவார்கள், மீதிப் பேர் அந்த நிமிடமே வெறுத்துவிடுவார்கள். இரண்டுமே எனக்கு வேண்டாம்.

நான் தயாராகத்தான் போயிருந்தேன். பெண்களைப் பற்றியும் வேறு நம்பிக்கை உள்ளவர்களைப் பற்றியும் அந்த வேட்பாளர் பேசியதையெல்லாம் கைப்பேசியில் சேமித்து வைத்திருந்தேன். ஒன்றைப் போட்டுக் காட்டினேன். அத்தை கடைசிவரை பார்த்தாள். “இப்படிப் பேசறது தப்புதான்” என்றாள். அவ்வளவுதான். அதற்கப்புறம்தான் அந்தக் கேள்வி வந்தது.

மாமாவுக்கு ஓ நெகட்டிவ். லேசில் கிடைக்காத ரத்தம். உடனே வேண்டும் என்று மருத்துவமனையில் சொன்னபோது நான் வேறு ஊரில் இருந்தேன். வாட்ஸ்அப் குழுக்களில் செய்தியைப் பகிர்ந்துகொண்டிருந்தேன். அத்தை பக்கத்து வீட்டில் சொல்ல, அவர்கள் தாங்கள் வழிபடப் போகும் இடத்தில் யாரிடமோ சொல்ல, முக்கால் மணி நேரத்தில் இரண்டு பையன்கள் பைக்கில் வந்து இறங்கிவிட்டார்கள். ஒருவன் ரத்தம் கொடுத்தான். மற்றவனுக்கு வகை பொருந்தவில்லை. ஆனாலும் அவன் போகவில்லை, விடியும்வரை வராண்டாவில் அத்தைக்குத் துணையாக உட்கார்ந்திருந்தான். இருவருமே அந்தக் கட்சியோடு சேர்ந்த அமைப்பில் இருப்பவர்கள். ரத்தம் கொடுத்தவனே பிறகு ஓட்டுக் கேட்டும் வந்தான்.

“அவன் முகத்தப் பாத்து இல்லைன்னு சொல்லச் சொல்றியா?”

அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. அதற்கப்புறம் இந்த வாக்காளர்களைப் பற்றி நான் படித்ததும் யோசித்ததும்தான் இந்தக் கட்டுரை. அத்தையோடு எனக்கு இன்னும் உடன்பாடு கிடையாது. ஆனால் அவளை முட்டாள் என்று நினைத்துக்கொண்டு அன்று படியேறினேன் பாருங்கள், அந்த நினைப்பு தவறு. அதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அதுவரை என் கணக்கு நேரானது. மதவாத வேட்பாளருக்கு ஓட்டுப் போடுகிறவருக்கு மதச் சட்டம் வேண்டும், அதனால் போடுகிறார். அப்படி வேதத்துக்காகவே ஓட்டுப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். நெதர்லாந்தில் 1918-இல் தொடங்கிய எஸ்ஜிபி என்ற கட்சி அத்தகையது. புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவத்தில் கண்டிப்பான பிரிவான கால்வினியத்தைச் சேர்ந்தது. அரசு இறைவாக்கின்படி நடக்க வேண்டும் என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்லும் கட்சி. பெண்களை வேட்பாளராக நிறுத்த மாட்டோம் என்று நீதிமன்றம்வரை போய் வாதாடி, 2013-இல்தான் அந்தத் தடையை எடுத்தது. நூறாண்டுகளாக நாடாளுமன்றத்தில் இருக்கிறது. கிடைப்பது பெரும்பாலும் இரண்டு, மிஞ்சினால் மூன்று இடம். அலை அடித்தாலும் ஓய்ந்தாலும் அதே எண்ணிக்கைதான். ஏனென்றால் அந்த வாக்காளருக்குத் தான் எதற்குப் போடுகிறோம் என்று எழுத்துக்கு எழுத்து தெரியும்.

ஆக, ஒரு மதக் கட்சி நூற்றுக்கு இரண்டிலிருந்து இருபதுக்கும் முப்பதுக்கும் ஏறுகிறது என்றால், நடுவில் வந்து சேர்ந்தவர்கள் வேறு எதற்கோ வந்தவர்கள். அந்த ‘வேறு எதற்கோ’தான் என் அத்தை.

1992 அக்டோபரில் கெய்ரோவில் நிலநடுக்கம் வந்தது. ஐந்நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அரசு அசைந்து கொடுப்பதற்குள் முஸ்லிம் சகோதரத்துவம் என்ற எகிப்தின் மத அரசியல் அமைப்பினர் தங்கள் செல்வாக்கில் இருந்த மருத்துவர் சங்கம், பொறியாளர் சங்கம் வழியாகக் கூடாரமும் மருந்தும் கொண்டுவந்து தெருவில் நின்றார்கள். சட்டப்படி அது தடைசெய்யப்பட்ட அமைப்பு. வீடிழந்தவரிடம் அதைச் சொன்னால் அவர் காதில் ஏறுமா? 2005 நாடாளுமன்றத் தேர்தலில் அதே அமைப்பினர் சுயேச்சைகளாக நின்று 88 இடங்களைப் பிடித்தபோது உலகம் அதிர்ச்சியடைந்தது. கூடாரத்தில் படுத்து எழுந்தவர்கள் அதிர்ச்சியடைந்திருக்க வாய்ப்பில்லை.

இஸ்தான்புல் கதை எனக்கு இன்னும் நெருக்கமாகப் பட்டது, ஏனென்றால் அதில் தெருத்தெருவாக நடந்தவர்கள் பெண்கள். 1994 உள்ளாட்சித் தேர்தலில் நலக் கட்சி என்ற மதக் கட்சியின் பெண் தொண்டர்கள் வீடு வீடாகப் போனார்கள். பிள்ளை பிறந்த வீடு, சாவு விழுந்த வீடு, கிராமத்திலிருந்து புதிதாக வந்து குடியேறிய வீடு. அந்த நகரத்தில் அப்போது குழாயில் தண்ணீர் வராது, குப்பை அள்ளப்படாது, குளிர்காலத்தில் நிலக்கரிப் புகையில் மூச்சு முட்டும். இவர்கள் பேசியது ஆண்டவனைப் பற்றி மட்டுமல்ல, குழாயைப் பற்றியும்தான். பின்னாளில் துருக்கியின் அதிபரான எர்டோகன் இஸ்தான்புல் மேயரானது அந்தத் தேர்தலில். அவர் வாங்கியது ஏறக்குறைய கால்வாசி வாக்குதான், மற்ற முக்கால்வாசி பல கட்சிகளாகச் சிதறிப்போனது. 2002-இல் அவருடைய புதிய கட்சி 34 சதவீத வாக்கை வைத்துக்கொண்டு 550-இல் 363 இடங்களை எடுத்தது. பத்து சதவீதம் தொடாத கட்சிக்கு நாடாளுமன்றத்தில் இடமே இல்லை என்ற விதியால் மற்றவர்களின் வாக்கில் பெரும்பகுதி வீணானது. ‘நாடே மதத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது’ என்று எழுதுகிறவர்கள் இந்த எண்களை ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சாய்ந்தது நாடா, கணக்கா என்று கேட்க வேண்டும்.

அத்தை இன்னொன்றும் சொன்னாள். “ஆண்டவனுக்குப் பயந்தவன் நம்மள ஏமாத்த மாட்டான்.”

இந்த வாக்கியத்தை நான் பல நாள் மனதில் போட்டுப் புரட்டியிருக்கிறேன். மேலோட்டமாகப் பார்த்தால் வெகுளித்தனம். ஆனால் வாக்காளரின் நிலையில் நின்று பாருங்கள். ஒருமுறை ஓட்டைப் போட்டுவிட்டால் பிறகு பல ஆண்டுகள் அந்த ஆளை அவரால் ஒன்றும் செய்ய முடியாது. கோப்பில் என்ன எழுதுகிறார், பூட்டிய அறையில் யாரோடு பேசுகிறார், எதுவும் தெரியாது. யாரும் பார்க்காத இடத்திலும் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நம்புகிறவன், அப்படி நம்பாதவனைவிடக் கொஞ்சமாவது கட்டுப்படுவான் என்று அத்தை கணக்குப் போடுகிறாள். வேறு எந்தப் பிடிமானமும் கையில் இல்லாத ஒருத்தி கண்டுபிடித்துக்கொண்ட பிடிமானம் அது. அதை நான் மதிக்கிறேன்.

சிக்கல் என்னவென்றால், காலப்போக்கில் அந்தப் பிடிமானம் வேறொன்றாக மாறிவிடுகிறது. அமெரிக்காவில் அது நடந்ததைத் தெளிவாகப் பார்க்க முடிகிறது. 1976 அதிபர் தேர்தலில் ஜிம்மி கார்ட்டர் தன்னை மறுபிறப்படைந்த கிறிஸ்தவர், அதாவது இயேசுவை ஏற்றுப் புது வாழ்வு தொடங்கியவர் என்று சொல்லி நின்றார். ஞாயிறு பள்ளியில் பாடம் நடத்தியவர், அதிபரான பிறகும் நடத்தியவர். அத்தை சொல்லும் ‘ஆண்டவனுக்குப் பயந்தவர்’ என்ற அளவுக்கு அவரைவிடப் பொருத்தமானவர் கிடைப்பது கடினம். நான்கே ஆண்டில் எவாஞ்சலிக்கல்கள் எனப்படும், பைபிளை உறுதியாகப் பற்றி நிற்கும் புராட்டஸ்டன்ட் வாக்காளர்களில் பெரும்பகுதி அவரை விட்டு ரொனால்ட் ரீகனிடம் போனது. ரீகன் விவாகரத்தானவர், தேவாலயத்துக்குத் தவறாமல் போகிறவரும் அல்ல. ஆனால் 1980 ஆகஸ்டில் டல்லஸ் நகரில் போதகர்கள் நிரம்பிய அரங்கில் அவர் ஒன்று சொன்னார். நீங்கள் என்னை வெளிப்படையாக ஆதரிக்க முடியாது என்று எனக்குத் தெரியும், ஆனால் உங்களையும் நீங்கள் செய்வதையும் நான் ஆதரிக்கிறேன் என்றார். கார்ட்டர் அவர்களில் ஒருவராக இருந்தார். ரீகன் அவர்கள் பக்கம் நின்றார். இரண்டாவதற்குத்தான் ஓட்டு விழுந்தது.

அங்கிருந்து 2016-க்கு வந்தால், வாக்களித்த வெள்ளை இன எவாஞ்சலிக்கல்களில் ஐந்தில் நான்கு பேர் டிரம்புக்குப் போட்டதாக வாக்குச்சாவடிக் கணிப்பு சொன்னது. பிஆர்ஆர்ஐ என்ற ஆய்வு நிறுவனம் ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்டிருக்கிறது. சொந்த வாழ்க்கையில் ஒழுக்கம் தவறியவர் பொதுப் பதவியில் நேர்மையாக நடந்துகொள்ள முடியுமா? வெள்ளை எவாஞ்சலிக்கல்களில் முடியும் என்றவர்கள் 2011-இல் 30 சதவீதம். 2016-இல் 72 சதவீதம். ஐந்து ஆண்டில் வேதம் மாறவில்லை. எதைக் கேட்டு ஓட்டுப் போடுகிறோம் என்பது மாறிவிட்டது. ‘இவர் நல்லவரா?’ என்ற கேள்வியின் இடத்தில் ‘இவர் எங்களுக்காகச் சண்டை போடுவாரா?’ வந்து உட்கார்ந்துகொண்டது. அதே நாட்டில் அதே பைபிளைக் கையில் வைத்திருக்கும் கறுப்பினப் புராட்டஸ்டன்ட்டுகளில் மிகப் பெரும்பாலோர் பல பத்தாண்டுகளாக டிரம்பின் கட்சிக்குப் போட்டியான ஜனநாயகக் கட்சிக்குத்தான் ஓட்டுப் போட்டுவருகிறார்கள். பக்தி மட்டுமே ஓட்டைத் தீர்மானிக்கிறது என்றால் இது எப்படி நடக்கும்?

எங்களுக்காகச் சண்டை போட ஒருவர் வேண்டும் என்ற தவிப்பு சும்மா வருவதில்லை. யாரோ அவமதித்திருக்கிறார்கள். 1999 மே மாதம் துருக்கி நாடாளுமன்றத்தில் மெர்வே கவாக்ச்சி என்ற பெண் உறுப்பினர் தலைத்துணியோடு பதவியேற்க வந்தார். மக்கள் தேர்ந்தெடுத்து அனுப்பியவர். அது மதச்சார்பின்மைக்கு எதிரானது என்று அவையில் பலர் மேசையைத் தட்டி வெளியே போ என்று கத்தினார்கள். பிரதமர் எஜெவித் மேடையேறி, இவருக்கு இவருடைய எல்லையைக் காட்டுங்கள் என்ற பொருளில் பேசினார். கவாக்ச்சி பதவியேற்காமலேயே வெளியேறினார். வீட்டில் அதே துணியைத் தலையில் கட்டிக்கொண்டு தொலைக்காட்சியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணை நினைத்துப் பார்க்கிறேன். மதச்சார்பின்மை அவளுக்கு அன்று என்னவாகத் தெரிந்திருக்கும்? நான் கைப்பேசியோடு அத்தை வீட்டுப் படியேறிய மாலையையும் இதோடு சேர்த்துத்தான் நினைக்கிறேன்.

இந்த ஓட்டு நிரந்தரமும் அல்ல. எனக்கு நம்பிக்கை கொடுப்பது இதுதான். கூடவே, இதை மறந்ததால் நடந்த பெருங்கொடுமையும் ஒன்று இருக்கிறது. அல்ஜீரியாவில் இஸ்லாமிய மீட்பு முன்னணி 1990 உள்ளாட்சித் தேர்தலில் நாற்பது லட்சத்துக்கு மேல் வாக்கு வாங்கியது. பதினெட்டு மாதம் நகராட்சிகளை நடத்திய பிறகு, 1991 டிசம்பரில் நாடாளுமன்றத் தேர்தலின் முதல் சுற்றில் அதற்கு விழுந்தது முப்பத்துமூன்று லட்சத்துக்கும் குறைவு. பத்து லட்சம் பேர் விலகிவிட்டிருந்தார்கள். ஆனாலும் முடிவான 231 இடங்களில் 188 அதற்குத்தான். 1992 ஜனவரியில் ராணுவம் தேர்தலையே ரத்து செய்தது. அதன் பின் வந்த உள்நாட்டுப் போரில் லட்சம் பேருக்கு மேல் செத்ததாக மதிப்பிடுகிறார்கள். விலகிக்கொண்டிருந்த வாக்காளரை விலக விட்டிருந்தால் என்ற எண்ணம் என்னை விட்டுப் போவதே இல்லை.

விலக விட்ட இடத்தில் என்ன நடந்தது என்பதற்கு மொராக்கோ இருக்கிறது. அங்கே நீதி மற்றும் வளர்ச்சிக் கட்சி என்ற மதக் கட்சி 2011-இல் ஆட்சித் தலைமைக்கு வந்தது. 2016-இல் 125 இடங்கள். 2021-இல் 13. சிறையில் அடைக்கவில்லை, தடை செய்யவில்லை. பத்து ஆண்டு நாற்காலியில் உட்கார வைத்துப் பார்த்த மக்களே இறக்கிவிட்டார்கள். தேர்தல் விதியில் செய்த மாற்றமும் அந்தக் கட்சியைப் பாதித்தது உண்மை, ஆனால் 112 இடங்கள் விதியால் மட்டும் போய்விடாது. இந்தியாவில் 2024 ஜனவரியில் அயோத்தியில் ராமர் கோயில் திறக்கப்பட்டது. அயோத்தி அடங்கிய ஃபைசாபாத் தொகுதியில் ஜூன் மாதம் பாஜக தோற்றது. சாலையை அகலப்படுத்த இடித்த வீடுகளையும் கடைகளையும், அதற்குக் கிடைத்த இழப்பீட்டையும் பற்றி அங்கே பேச்சு இருந்தது. சாதிக் கணக்கும் இருந்தது. கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வந்து வேறு சின்னத்தில் போட்டவர்கள் அந்தத் தொகுதியில் எத்தனையோ பேர் இருந்திருக்க வேண்டும். அவர்களுக்கு அதில் முரண்பாடு எதுவும் இல்லை.

இத்தனையும் எழுதிவிட்டு, ‘ஆகவே கவலைப்பட ஒன்றுமில்லை’ என்று நான் சொல்லப்போவதில்லை. கவலைப்பட இருக்கிறது. அத்தை வாங்கிய நம்பிக்கைக்கு விலை கொடுப்பது பல நேரம் அத்தை அல்ல. வேறு யாரோ. எண்ணிக்கையில் குறைந்தவர், வேறு விதமாக வாழ நினைப்பவர், பெண். வேட்பாளரின் முகத்துக்குப் போடும் ஓட்டு, அவர் கொண்டுவரும் சட்டத்துக்கும் சேர்த்துத்தான் எண்ணப்படுகிறது. இரண்டையும் பிரித்துக் கேட்டால் மக்கள் பிரித்துத்தான் பதில் சொல்கிறார்கள். கான்சஸ் மாநிலம் 2020-இல் டிரம்புக்கு 56 சதவீதம் கொடுத்த மாநிலம். 2022 ஆகஸ்டில், கருக்கலைப்பு உரிமையை மாநில அரசியல் சட்டத்திலிருந்து எடுத்துவிடலாமா என்று தனியாகக் கேட்டபோது 59 சதவீதம் பேர் கூடாது என்றார்கள். ஆனால் தனியாகக் கேட்பது அபூர்வம். பெரும்பாலும் மூட்டையாகத்தான் கொடுக்கிறார்கள், ரத்தம் கொடுத்த கையையும் கைப்பேசி பிடித்த கையையும் ஒன்றாகக் கட்டி.

கைப்பேசி பிடித்த கை என்று சொன்னேன். தேர்தல் முடிந்து ஒரு வருடம் கழித்து, அத்தையின் பேத்தி கல்லூரி முடிந்து பேருந்து நிறுத்தத்தில் உடன் படிக்கும் பையனோடு பேசிக்கொண்டு நின்றிருக்கிறாள். நான்கு பேர் வந்து சூழ்ந்துகொண்டார்கள். பெயர் என்ன, அவன் பெயர் என்ன, அவன் என்ன மதம், வீட்டுக்குத் தெரியுமா என்று கேட்டு வீடியோ எடுத்தார்கள். அன்று இரவே அது வீட்டுக்கு வந்துவிட்டது. அதே அமைப்பு. பேத்தி இரண்டு நாள் சாப்பிடவில்லை. அத்தை ரத்தம் கொடுத்த பையனுக்குப் போன் செய்தாள். அவன் அந்த நான்கு பேரில் இல்லை. ஆனால் அவனுக்கு விஷயம் தெரிந்திருந்தது.

“பாதுகாப்புக்குத்தாம்மா. நம்ம வீட்டுப் பொண்ணுன்னுதானே பாக்கறோம்.”

அவன் பொய் சொல்லவில்லை என்று அத்தை சொன்னாள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. ராத்திரி பதினோரு மணிக்கு அவனை ஓட வைத்த அதே அக்கறைதான் பேருந்து நிறுத்தத்துக்கும் ஆள் அனுப்புகிறது. அவனுக்குள் இரண்டும் வேறு வேறு அல்ல. இது எனக்கு உறைக்க இவ்வளவு நாள் ஆனது. முதல் கையை மட்டும் பார்த்தவள் அத்தை. இரண்டாவது கையை மட்டும் பார்த்தவள் நான்.

அத்தை அதோடு விடவில்லை. ஜெயித்தவரின் அலுவலகத்துக்குத் தானே எழுதிய மனுவோடு போனாள். “ஆண்டவனுக்குப் பயந்தவர்னு நம்பிப் போட்டேன், எம் பேத்திக்கு இப்படி ஆயிடுச்சு” என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தாள். இரண்டு மணி நேரம் காத்திருந்தாள். உதவியாளர் மனுவை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார். அடுத்த தேர்தலில் அவள் யாருக்குப் போட்டாள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

“ஓடி வந்தது யாரு?” என்ற கேள்விக்கு நான் இன்னும் கடன்பட்டிருந்தேன். ஊருக்குத் திரும்பி வந்ததும் மாமா இருந்த மருத்துவமனையின் ரத்த வங்கியில் என் எண்ணைக் கொடுத்துவைத்தேன். எந்த அமைப்பும் இல்லை, நானாகத்தான். போன மாதம் இரவு பத்தரைக்கு அழைத்தார்கள். போனேன். பக்கத்துக் கட்டிலில் அந்தப் பையன். அவனுக்கும் அழைப்பு போயிருக்கிறது. யாருக்காக என்று இருவருக்குமே தெரியாது.

முடிந்து வெளியே வந்து, மடக்கிய கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவன்தான் முதலில் பேசினான்.

“அக்கா, பாப்பா எப்படி இருக்கு?”

“இருக்கா. அந்த ஸ்டாப்புல இப்ப ஏறுறதில்ல. ஒரு ஸ்டாப் தள்ளி நடந்து போய் ஏறுறா.”

அவன் பஞ்சை எடுத்துப் பார்த்தான். ரத்தம் நின்றிருந்தது. மறுபடியும் அதையே வைத்து அழுத்திக்கொண்டான்.